கரண்ட் பில் ரெண்டு மடங்காச்சு, காரணம் பாத்ரூம் தரைக்கு அடியில இருந்துச்சு

மாசம் 180 யூனிட் பக்கம் ஓடுற வீடு எங்களோடது. ஏசி கிடையாது. ஒரு ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி, வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், அம்மாவோட மூட்டு வலிக்காக வாங்கிப் போட்ட டேங்க் வச்ச வாட்டர் ஹீட்டர், அவ்வளவுதான். திடீர்னு ஒரு மாசம் 330 தாண்டி வந்துச்சு. ஏதோ ரீடிங் தப்பா எடுத்துட்டாங்கன்னு நினைச்சு விட்டுட்டோம், அடுத்த தடவையும் அதே மாதிரிதான். யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறுற ஸ்லாப் முறை இருக்கிற இடத்துல இதுதான் பெரிய அடி, யூனிட் ரெண்டு மடங்கு ஆகலைன்னாலும் பில் ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு. என் வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை, போன்ல சொன்னா "பசங்க லைட்ட அணைக்கிறதில்ல போல, பாரு"ன்னு சொல்லுவார், அதுக்கு மேல அவராலயும் என்ன பண்ண முடியும். அப்போ இருந்து இதோட காரணத்தக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் தனியாத்தான் அலைஞ்சேன். பல மாசம் போச்சு. யாராவது முன்னாடியே ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லியிருந்தா இத்தனை பணமும் மன உளைச்சலும் மிச்சமாயிருக்கும், அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல வீட்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு சொல்லணும், ஏன்னா பில்ல விட அதுதான் எனக்கு வலிச்சுது. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் சந்தேகமா பாக்க ஆரம்பிச்சுட்டோம். பெரியவன் படிக்கிற ரூம்ல லைட் எரிஞ்சா சின்னவன் வந்து போட்டுக் கொடுப்பான். டிவி சத்தம் கேட்டாலே எனக்குக் கோவம் வரும். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாம ராத்திரில ஃபேன அணைச்சுட்டுப் படுக்க ஆரம்பிச்சாங்க. நடு ராத்திரி எந்திரிச்சுப் பாத்தா வேர்த்து முழிச்சுட்டு உக்காந்திருக்காங்க, "எனக்குக் குளிருதுடி, அதான்"னு ஒரு பொய். அன்னிக்கு அழுதுட்டேன். ஒரு சாதாரண ஃபேன் முழு வேகத்துல ஓடினா 75 வாட் பக்கம் எடுக்கும், 8 மணி நேரத்துக்கு 600 வாட் அவர், 1000 வாட் அவர்தான் ஒரு யூனிட், அதாவது முக்கா யூனிட் கூட இல்ல. அம்மா வேர்த்துக் கிடந்து மிச்சம் பிடிச்சது அவ்வளவுதான், ஆனா அந்தக் கணக்கு அப்போ எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, எல்லாரும் குத்துமதிப்பா எதையாவது அணைச்சுக்கிட்டே இருந்தோம்.

எலக்ட்ரீஷியன் ஒருத்தர வரச் சொன்னேன். வந்ததும் கேட்ட மொத கேள்வி "சார் இல்லையாக்கா?". இல்லப்பா, என்கிட்டயே சொல்லுன்னேன். கிளாம்ப் மீட்டர (வயர்ல எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு ஆம்பியர்ல காட்டுற கருவி) வயர்ல மாட்டி அஞ்சு நிமிஷம் பாத்துட்டு "லோடு எல்லாம் நார்மலாத்தான் இருக்கு, பல்பு எல்லாத்தையும் எல்இடியா மாத்திருங்கக்கா, பாதியா குறைஞ்சிரும்"னு சொன்னார். ஸ்டோர் ரூம் பல்பு வரைக்கும் மாத்தினோம். எல்இடி நல்லதுதான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, 60 வாட் குண்டு பல்பு தர வெளிச்சத்த 9 வாட் எல்இடி தருது. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, தினம் 4 மணி நேரம் எரியுற ஒரு குண்டு பல்ப மாத்தினா மாசத்துக்கு 6 யூனிட் மிச்சம். தினம் அஞ்சு நிமிஷம் எரியுற ஸ்டோர் ரூம் பல்ப மாத்தினா ஒண்ணும் வராது. ஹால், சமையலறை மாதிரி ரொம்ப நேரம் எரியுற இடத்துல மொதல்ல மாத்துங்க, மத்தது பழசு போனதும் மாத்திக்கலாம். எங்களுக்குக் காணாம போனது மாசம் 150 யூனிட். அத பல்பால விளக்கவே முடியாதுன்னு அவர் சொல்லியிருக்கணும்.

அடுத்து வந்துச்சு பவர் சேவர் பெட்டி. இத பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நெறைய பேர் இன்னமும் வாங்குறாங்க. வீட்டுக்கே ஒருத்தர் வந்து டெமோ காட்டினார். ஒரு சின்ன மோட்டார ஓட விட்டு, கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியர் காட்டினார், அந்தப் பெட்டிய பிளக்ல சொருகினதும் ஆம்பியர் கண்ணு முன்னாடியே கடகடன்னு குறைஞ்சுது. பொய் இல்ல, நெசமாவே குறைஞ்சுது. அதனாலதான் நம்பிக்கை வந்துச்சு. பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரு கெபாசிட்டர். மோட்டார் மாதிரி சாமான்கள் வேலை செய்யுறதுக்கான கரண்ட்டோட சேத்து, காந்தப் புலத்துக்காக இன்னொரு கரண்ட்டையும் இழுத்து இழுத்து திருப்பி விடும், கெபாசிட்டர் அந்த ரெண்டாவது பங்க பக்கத்துலயே நின்னு குடுத்துரும், அதனால வயர்ல ஆம்பியர் குறையும். ஆனா வீட்டு மீட்டர் எண்ணுறது அந்த ரெண்டாவது பங்க இல்ல, உண்மையா செலவான வாட்ட மட்டும்தான். அதுல ஒரு துளி கூட குறையாது. பெரிய ஃபேக்டரிக்கு பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மொத்தத்துல உண்மையா வேலை செய்யுற பங்கு, குறைஞ்சா தனியா கட்டணம் வரும், அங்க கெபாசிட்டருக்கு வேலை இருக்கு, வீட்ல இல்ல. அந்தப் பெட்டிக்குப் போன பணம் பழைய கணக்குல ஒரு முழு மாச பில்லுக்கு மேல. யாராவது உங்க கிட்ட டெமோ காட்டினா ஆம்பியரப் பாக்காதீங்க, "மீட்டர் கிட்ட வாங்க, அதுல மினுக்குற லைட்டு பெட்டி போட்டதும் மெதுவாகுதா பாப்போம்"னு கூப்பிடுங்க. வர மாட்டாங்க.

அப்புறம் மீட்டர் மேல சந்தேகம். பணம் கட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தேன், காத்திருந்தேன், மீட்டர் சரியா இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சு. அதுக்கும் காசு போச்சு, நாளும் போச்சு. மீட்டர் டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்களே பண்ணக்கூடிய ஒரு சோதனை இருக்கு, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல மினுக்குற சிவப்பு லைட்டப் பாருங்க. ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் பொறுமையா பாருங்க. அப்பவும் மினுக்கிக்கிட்டே இருந்தா மீட்டர்லயோ, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல உள்ள வயர்லயோ கோளாறு, யாராவது நடுவுல இழுத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அப்போ தைரியமா புகார் குடுக்கலாம். நின்னு போச்சுன்னா கரண்ட் போறது நம்ம வீட்டுக்குள்ளதான். எங்க வீட்ல மெயின அணைச்ச உடனே நின்னுச்சு.

இங்கதான் எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு, இனிமே யாரையும் கேக்கக் கூடாது, மீட்டரத்தான் கேக்கணும்னு. டிஜிட்டல் மீட்டர் முகப்புலயே ஒரு எண் போட்டிருப்பாங்க, எங்களோடதுல 3200 இம்ப்ஸ்னு இருந்துச்சு. அதாவது அந்த சிவப்பு லைட் 3200 தடவை மினுக்கினா ஒரு யூனிட். சில மீட்டர்ல 1600 இருக்கும், சிலதுல 1000, உங்களோடத பாத்துக்கோங்க. ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை மினுக்குதுன்னு எண்ணி, அத 60 ஆல பெருக்கி, அந்த எண்ணால வகுத்தா அந்த நேரத்துல வீடு எத்தனை கிலோவாட் இழுக்குதுன்னு வந்துரும். 3200 மீட்டர்ல நிமிஷத்துக்கு 4 தடவை மினுக்கினா 75 வாட், ஒரு ஃபேன் ஓடுது. 107 தடவை மினுக்கினா 2000 வாட், ஹீட்டரோ இஸ்திரிப் பெட்டியோ மாதிரி பெருசா ஏதோ ஓடுது. அவ்வளவு வேகமா எண்ண முடியலைன்னா போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட விட்டு எண்ணலாம். இதுக்கு ஒரு கருவியும் வாங்க வேணாம்.

இதோட இன்னொரு வேலையும் பண்ணேன், ராத்திரி ரீடிங். எல்லாரும் படுத்ததும் மீட்டர்ல இருக்கிற எண்ண புள்ளிக்கு அப்புறம் வர்ற இலக்கத்தோட போட்டோ எடுத்துக்குறது, காலைல மொத ஆளா எந்திரிச்சு எதையும் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு போட்டோ. 8 மணி நேரத்துக்கு ரெண்டு ஃபேன் 1.2 யூனிட், ஃப்ரிட்ஜ் அரை யூனிட்னு வச்சா மொத்தம் 1.7 வரணும். எங்களுக்கு மூணு யூனிட்டுக்கு மேல காட்டுச்சு. எல்லாரும் தூங்குற நேரத்துல, ஒரு லைட் கூட எரியாத நேரத்துல, ஒன்றரை யூனிட்டுக்கு மேல யாரோ தின்னுட்டுப் போறாங்க. அதப் பாத்தப்போ பயமா இருந்துச்சு, அதே சமயம் பெரிய நிம்மதி, பசங்களும் இல்ல அம்மாவும் இல்ல, வேற எதுவோன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அம்மாகிட்ட போய் "ஃபேன் போட்டுட்டுத்தான் தூங்கணும், இது உன்னால இல்ல"ன்னு சொன்னேன்.

அடுத்த ராத்திரி மீட்டர் பக்கத்துல சேர் போட்டு உக்காந்தேன். மெதுவா மினுக்கிட்டே இருந்த லைட் திடீர்னு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. ஆறேழு நிமிஷம் அப்படியே ஓடிட்டு தானா பழையபடி மெதுவாச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப. வேகத்த வச்சு கணக்கு போட்டா 2000 வாட்டுக்கு மேல, வீட்ல அந்த அளவுக்கு இழுக்கிறது ஹீட்டர்தான். எலக்ட்ரீஷியன் அஞ்சு நிமிஷம் மீட்டர் மாட்டிப் பாத்தப்போ ஏன் ஒண்ணும் தெரியலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது, அவர் பாத்த நேரத்துல ஹீட்டர் ஓய்வுல இருந்திருக்கு. விட்டு விட்டு ஓடுற சாமான பகல்ல அஞ்சு நிமிஷம் வந்து பாக்குறவங்களால பிடிக்கவே முடியாது. அதுக்கு ராத்திரி ரீடிங்தான் வழி, இல்லன்னா ஒரு ராத்திரிக்கு ஒரு எம்சிபின்னு (போர்டுல வீட்டோட ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கிற தனி சுவிட்ச்) அணைச்சு வச்சு எந்த ராத்திரி ரீடிங் இறங்குதுன்னு பாக்கணும்.

அம்மாவுக்கு எந்த நேரமும் வெந்நீர் தேவைப்படும்னுதான் ஹீட்டர் எப்பவும் ஆன்ல இருக்கும். நல்ல நிலைல இருக்கிற சின்ன டேங்க் ஹீட்டர் சும்மா நின்னா வெப்பம் வெளிய போறத ஈடு கட்ட நாளைக்கு சுமாரா ஒரு யூனிட்டோ அதுக்கும் குறைவாவோதான் எடுக்கும். இது அப்படி இல்லையே, சூடு போதும்னு ஹீட்டர தானா நிறுத்துற தெர்மோஸ்டாட் போச்சா, டேங்க் போச்சான்னு குழப்பம். ஹீட்டர் கம்பெனி ஆள் வந்து "பழசாயிருச்சு மேடம், புதுசு வாங்கிருங்க"ன்னார். அப்போ ஒரு யோசனை வந்துச்சு, ஹீட்டர்ல இருந்து வெந்நீர் வெளிய வர்ற பைப்ல ஒரு ஆங்கிள் வால்வு, அதாவது தண்ணிய அடைக்கிற திருகு, இருந்துச்சு, அத மூடிட்டுப் படுத்தேன். காலைல ரீடிங் பாத்தா 1.9, அந்த 1.7ஓட ஹீட்டர் சும்மா நிக்கிற செலவு சேந்தது, அவ்வளவுதான். ஹீட்டர்ல ஒரு தப்பும் இல்ல. வால்வுக்கு அந்தப் பக்கம், சுவத்துக்குள்ள போற பைப்ல வெந்நீர் எங்கயோ போயிட்டிருக்கு. புது ஹீட்டர் வாங்கியிருந்தா அதுவும் இதே மாதிரிதான் ஓடியிருக்கும், அந்தப் பணமும் போயிருக்கும்.

வெறுங்காலோட பாத்ரூம் முழுக்க ஒவ்வொரு டைல்ஸா மிதிச்சுப் பாத்தேன். கதவுக்குப் பின்னாடி மூலைல ஒரு டைல்ஸ் மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. பாத்ரூம் தரை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும், அந்த மூலைக்கு யாரும் போறதில்ல, அதனால யாருக்கும் தெரியல. பிளம்பர் வந்து உடைச்சுப் பாத்தா பைப் வளையுற எல்போ ஜாயின்ட்ல கசிவு. அவர் ஒரு டம்ளர அடியில பிடிச்சார், 200 மில்லி டம்ளர், ரொம்புறதுக்கு ரெண்டு நிமிஷம். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு நூல் தண்ணி. ஆனா நிமிஷத்துக்கு 100 மில்லின்னா நாளைக்கு 144 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணிய 30 டிகிரி சூடாக்க 35 வாட் அவர் ஆகும், அப்போ 144 லிட்டருக்கு கிட்டத்தட்ட 5 யூனிட். மாசத்துக்கு 150. காணாம போன கணக்கு அப்படியே வந்து உக்காந்துச்சு. அன்னிக்கு அந்த டம்ளரப் பாத்துட்டு எனக்கு வந்த கோவத்தச் சொல்லி முடியாது, இத்தன மாசம், இத்தன சண்ட, அம்மா வேர்த்துக் கிடந்த ராத்திரிங்க, எல்லாம் இந்த நூல் தண்ணிக்கா.

பழுது பாக்குறதுல ரெண்டு விஷயம் சொல்லணும். அந்த ஒரு ஜாயின்ட்ட மட்டும் மாத்தி உடனே டைல்ஸ் ஒட்டிரலாம்னு பிளம்பர் சொன்னார், நான் ஒத்துக்கல. ஒரு ஜாயின்ட் போனா அதே வயசுள்ள மத்ததும் போகலாம். உள்ள இருக்கிற வெந்நீர் லைன அப்படியே கைவிட்டுட்டு சுவத்துக்கு வெளிய தெரியுற மாதிரி புது பைப் இழுக்கச் சொன்னேன், வெந்நீருக்குன்னே வர்ற பைப், மேல நுரை உறை போட்டது. பாக்க அழகா இல்லதான், ஆனா கசிஞ்சா மறுநாளே கண்ணுக்குத் தெரியும், உடைக்கிற செலவும் குறைஞ்சுது. அதோட, பைப்புக்குள்ள அழுத்தம் ஏத்தி சோதிச்சுப் பாத்து ஒரு நாள் விட்ட பிறகுதான் எதையும் மூடணும்னு முன்கூட்டியே பேசிக்கோங்க. இந்த மொத்த வேலைக்கும் ஆன செலவு, அந்தப் பெட்டிக்கும் பல்புக்கும் மீட்டர் டெஸ்ட்டுக்கும் போனத விட கம்மி.

இன்னொண்ணு, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஈரம் இறங்குன சுவத்துல வயரும் போகும், ஹீட்டருக்குள்ள தண்ணிய சூடாக்குற எலிமென்ட் அரிச்சுப் போனா தண்ணிலயே கரண்ட் கசியும். மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து இணைப்பத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம் இருக்கணும், அது அடிக்கடி விழுந்தா "தொந்தரவா இருக்கு, தூக்கிட்டு நேரா குடுத்துருங்க"ன்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க. போர்ட நீங்களா திறக்கவும் வேணாம், நான் சொன்ன சோதனை எல்லாமே சுவிட்ச போட்டு அணைச்சுப் பாக்குறது மட்டும்தான்.

அதுக்கப்புறம் இந்த எண்ணுற பழக்கம் விடல. ராத்திரில எல்லாத்தையும் அணைச்சு ஃப்ரிட்ஜயும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு பாத்தா நிமிஷத்துக்கு 2 தடவை மினுக்குது, 37 வாட் பக்கம். தேடினா டிவி பக்கத்துல இருக்கிற செட்டாப் பாக்ஸ், மோடம், ரிமோட்ல மட்டும் அணைச்ச டிவி. 10 வாட் 24 மணி நேரமும் ஓடினா வருஷத்துக்கு 87 யூனிட், அதனால டிவி, பாக்ஸ் ரெண்டையும் ஒரே சுவிட்ச்ல போட்டு படுக்கும்போது அணைக்கிறோம். போன் சார்ஜர் பிளக்ல சும்மா இருக்கிறத பத்தி எல்லாரும் பேசுறாங்க, அது எடுக்கிறது மீட்டர்ல தெரியுற அளவுக்குக் கூட இல்ல, அதுக்காக பசங்கள திட்டாதீங்க.

ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர்ல ஒரு காகிதத்த வச்சு மூடி இழுத்துப் பாத்தேன், கீழ் மூலைல மட்டும் வழுக்கிட்டு வந்துருச்சு, மத்த இடத்துல பிடிச்சு நின்னுச்சு. சோப்புத் தண்ணில மடிப்புக்குள்ள இருந்த அழுக்க துடைச்சு, ஹேர் டிரையர்ல மெதுவா சூடு காட்டி இழுத்து விட்டதுல பாதி சரியாச்சு, மீதிக்கு ரப்பர் மட்டும் மாத்தினோம். பின்னாடி சுவத்துக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கையகலம் இடம் விட்டு, காயில்ல படிஞ்ச தூசியையும் தட்டினோம். உள்ள 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 இருந்தா போதும், அதுக்கும் கீழ வச்சா வீண் ஓட்டம். ஃபேன்ல, அம்மா ரூமுக்கு மட்டும் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா எடுக்கிற மோட்டார் வச்சது) வாங்கினோம், முழு வேகத்துலயே 30 வாட் பக்கம்தான். மத்த ரூம் ஃபேன மாத்தல, ரொம்ப நேரம் ஓடுற ஃபேன மாத்தினாத்தான் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். பழைய பெட்டி மாதிரி ரெகுலேட்டர் இருந்தா அத மட்டுமாவது எலக்ட்ரானிக் ரெகுலேட்டரா மாத்துங்க, பழசு வேகத்தக் குறைக்கும்போது மிச்சத்த சூடாக்கி வீணடிக்கும், தொட்டுப் பாத்தாலே தெரியும்.

ஹீட்டர் எப்பவும் போல ஆன்லதான் இருக்கு, அம்மாவுக்கு அது வேணும். சூட்ட மட்டும் 60 டிகிரிக்கு இறக்கி வச்சோம், அதுக்கும் ரொம்ப கீழ தேங்குற வெந்நீர்ல கிருமி வளர வாய்ப்பு இருக்கு, அதனால இன்னும் குறைக்கல. இப்போ மாசம் 160 யூனிட்ட ஒட்டி வருது. வாடகை வீட்டுக்குப் போறவங்க, சாமான் இறக்குறதுக்கு முன்னாடியே, வீடு காலியா இருக்கும்போதே ஹீட்டர போட்டு விட்டு, தண்ணி முழுசா சூடாகி அது தானா நின்ன பிறகு, தண்ணி எதையும் திறக்காம ஒரு ராத்திரி ரீடிங் எடுத்துப் பாருங்க. ஒரு யூனிட்டுக்கு மேல ஏறியிருந்தா அந்த போட்டோவ வீட்டு ஓனர்கிட்ட காட்டி மொதல்ல ஹீட்டரையும் பைப்பையும் பாத்து சரி பண்ணச் சொல்லிட்டு அப்புறம் குடி போங்க.